தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு படியுங்கள்: ஏ.பி. அமெரிக்க வரலாற்றில் 1865–1898

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் கல்லூரித் தரத்தில் படிக்கும் ஏ.பி. யு.எஸ். ஹிஸ்டரி பாடத்தை, அதன் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு ஒன்பது காலப் பகுதிகளாகப் பிரித்திருக்கிறது. ஆறாவது பகுதி 1865 முதல் 1898 வரை. தேர்வில் 10 முதல் 17 சதவீதம் இதிலிருந்து வரும். முன்னால் உள்நாட்டுப் போர், பின்னால் இரண்டு உலகப் போர்கள் என்று நடுவில் மாட்டிக்கொண்ட இந்தப் பகுதியில்தான் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் மதிப்பெண்ணைக் கோட்டைவிடுகிறார்கள். கதையை இழுத்துச் செல்லப் பெரிய போர் இல்லை, லிங்கன் மாதிரி ஒரு ஆள் இல்லை. அதனால் ஹேஸ், கார்ஃபீல்ட், ஆர்தர், கிளீவ்லாந்து, ஹாரிசன், மறுபடியும் கிளீவ்லாந்து என்று அதிபர்களை மனப்பாடம் செய்வதிலேயே ஒரு வாரம் போய்விடுகிறது. அந்த வரிசையைத் தேர்வில் யாரும் கேட்கப்போவதில்லை.

தமிழ்நாட்டில் எட்டாவது, ஒன்பதாவது வரை படித்துவிட்டு அமெரிக்காவில் சேர்ந்த பிள்ளைகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அங்கே ‘காரணங்கள், போக்கு, விளைவுகள்’ என்று தலைப்புப் போட்டு, பாயிண்ட் பாயிண்டாக எழுதி, அடிக்கோடு இட்டால் மதிப்பெண் விழும். இங்கே திருத்துபவர் பார்ப்பது, நீங்கள் ஒரு கட்சி எடுத்து வாதாடுகிறீர்களா என்பதை. இருபது தகவல் எழுதி வாதம் இல்லாத கட்டுரையை விட, ஆறு தகவலை வைத்து ஒரே வாதத்தை நிறுத்திய கட்டுரைக்கு அதிகம் கிடைக்கும்.

தேர்வின் கட்டமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மொத்தம் 3 மணி 15 நிமிடம். 55 நிமிடத்தில் 55 பலவுள் தெரிவு வினாக்கள், எடை 40 சதவீதம். 40 நிமிடத்தில் மூன்று குறுவினாக்கள், 20 சதவீதம். பிறகு 100 நிமிடத்தில் இரண்டு கட்டுரைகள்: ஏழு ஆவணங்களைக் கொடுத்து எழுதச் சொல்லும் டி.பி.க்யூ.வுக்கு 25, ஆவணம் இல்லாத எல்.இ.க்யூ.வுக்கு 15. 2025 மே முதல் எல்லாமே புளூபுக் செயலியில் தட்டச்சு செய்வதுதான். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. எதையும் காலியாக விடாதீர்கள்.

ஒரு சூட்சுமம். ஆறாம் பகுதி 1898-இல் முடிகிறது, ஏழாம் பகுதி 1890-இல் தொடங்குகிறது. எட்டு ஆண்டுகள் இரண்டிலும் விழுகின்றன. எல்.இ.க்யூ.வில் 1491–1800, 1800–1898, 1890–2001 என்று மூன்று தெரிவுகள் வரும். ஒன்றை எழுத வேண்டும். 1892-இல் விவசாயிகளின் பாப்புலிஸ்ட் கட்சி, 1894 புல்மன் வேலைநிறுத்தம், 1896 தேர்தல் மூன்றையும் கரைத்துக் குடித்தவருக்கு இரண்டாவது தெரிவும் கைகொடுக்கும், மூன்றாவதும் கைகொடுக்கும். நேரம் குறைவாக இருந்தால் முதலில் அந்த எட்டு ஆண்டுகளைப் படியுங்கள்.

ஏன் தண்டவாளம்

இந்த முப்பத்துமூன்று ஆண்டுகளைக் கோக்க ஒரே நூல் வேண்டுமென்றால் ரயிலைப் பிடியுங்கள். 1865-இல் அமெரிக்காவில் சுமார் 35,000 மைல் தண்டவாளம் இருந்தது. 1900-இல் 1,90,000 மைலைத் தாண்டிவிட்டது. 1862-ஆம் ஆண்டு பசிபிக் ரயில்வே சட்டத்தின்படி போட்ட பாதை 1869 மே 10 அன்று யூட்டாவின் பிரமாண்டரி சம்மிட்டில் இணைந்தது. மத்திய அரசு ரயில்வே கம்பெனிகளுக்குத் தானமாகக் கொடுத்த நிலம் மட்டும் ஏறக்குறைய 13 கோடி ஏக்கர். ‘அரசு தொழிலில் தலையிடாத காலம் இது’ என்று பாடச் சுருக்கங்களில் வரும் வரியை இந்த ஓர் எண்ணை வைத்தே மறுக்கலாம். அரசு தலையிட்டது, யார் பக்கம் நின்று தலையிட்டது என்பதுதான் கேள்வி. இந்த ஒரு வாக்கியம் பல கட்டுரைகளுக்கு முதுகெலும்பாக நிற்கும்.

ரயில்வேயின் பொருளாதாரத்தைப் புரிந்துகொண்டால், பல கம்பெனிகளை ஒரே பிடிக்குள் கொண்டுவந்த டிரஸ்ட் ஏன் வந்தது என்பது தானாகப் புரியும். தண்டவாளம், பாலம், எஞ்சின் எல்லாம் கடன் வாங்கிப் போட்டது. ரயில் காலியாக ஓடினாலும் வட்டி ஓடும். ஆகவே சிகாகோவுக்கும் நியூயார்க்குக்கும் நடுவில் நாலைந்து கம்பெனிகள் போட்டி போட்ட தடத்தில், கிடைத்த விலைக்குச் சரக்கை ஏற்றினார்கள். அங்கே விட்ட காசை எங்கே பிடிப்பது? ஒரே ஒரு கம்பெனியின் ரயில் மட்டும் நிற்கும் சின்ன ஊரில். அங்கிருந்து பாதித் தூரம் அனுப்பும் விவசாயி, முழுத் தூரம் அனுப்புபவரை விட அதிகக் கட்டணம் கட்டினார். நெடுந்தூர, குறுந்தூரக் கட்டணப் பாரபட்சம் என்று பாடத்தில் வருவது இதுதான். பெரிய வாடிக்கையாளருக்கு ரகசியத் தள்ளுபடியும் உண்டு. எண்ணெய் முதலாளி ராக்ஃபெல்லரின் தரப்பும் சில ரயில்வேக்களும் 1872-இல் போட்ட திட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது: போட்டியாளர் அனுப்பும் பீப்பாய்க்குக்கூட ராக்ஃபெல்லர் தரப்புக்கு ஒரு பங்கு. எண்ணெய்க் கிணற்றுக்காரர்கள் கொதித்தெழுந்ததில் திட்டம் அதே ஆண்டு கைவிடப்பட்டது.

போட்டியில் எல்லோரும் நஷ்டப்பட்டதால் கட்டணத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளும் ‘பூல்’ வந்தது. சட்டப்படி செல்லாத ஒப்பந்தம் என்பதால் யாராவது ஒருவர் பேச்சை மீறுவார், பூல் உடையும். உடையாத பூட்டைத் தேடிய இடத்தில்தான் 1882-இல் ஸ்டாண்டர்ட் ஆயில் டிரஸ்ட் பிறந்தது. பல கம்பெனிகளின் பங்குகளை ஒரு அறங்காவலர் குழுவிடம் ஒப்படைத்துவிடுவது அதன் அமைப்பு. நாட்டின் எண்ணெய்ச் சுத்திகரிப்பில் சுமார் 90 சதவீதம் அவர்கள் கையில் இருந்தது.

கார்னகியையும் ராக்ஃபெல்லரையும் மாற்றி எழுதுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. வயல், அரிசி ஆலை, மாவு அரைக்கும் கடை, இட்லிக் கடை நான்கும் ஒருவரிடம் இருந்தால் அது செங்குத்து இணைப்பு. தெருவில் உள்ள எல்லா இட்லிக் கடையையும் ஒருவரே வாங்கிவிட்டால் கிடைமட்ட இணைப்பு. இரும்புத்தாது, கோக் நிலக்கரி, கப்பல், உருக்காலை என்று மேலிருந்து கீழ்வரை வைத்திருந்தவர் கார்னகி. சுத்திகரிப்பு ஆலைகளை ஒன்றன்பின் ஒன்றாக விழுங்கியவர் ராக்ஃபெல்லர், பிற்பாடு அவரும் குழாய்ப்பாதை, கிணறு என்று செங்குத்தாகவும் வளர்ந்தார். கார்னகியின் கதையிலும் தண்டவாளம் இருக்கிறது: 1875-இல் உற்பத்தியைத் தொடங்கிய தன் உருக்காலைக்கு அவர் எட்கர் தாம்சன் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர்க்காரர் பென்சில்வேனியா ரயில்வேயின் தலைவர். தண்டவாளம் வாங்குகிறவரின் பெயரையே ஆலைக்கு வைத்துவிட்டால் ஆர்டருக்கு அலைய வேண்டியதில்லை பாருங்கள்.

1873, 1893 என இரண்டு பெரும் சரிவுகளிலும் ரயில்வே கடன் இருக்கிறது. 1873-இல் நார்தர்ன் பசிபிக் பாதைக்குப் பணம் திரட்டிய ஜே குக்கின் வங்கி விழுந்தது. 1893 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியா அண்ட் ரீடிங் ரயில்வே திவாலானது, பின்னாலேயே மற்றவை. திவாலான ரயில்வேக்களை மலிவாக எடுத்து ஒழுங்குபடுத்தி, நிர்வாகத்தைத் தன் பிடியில் வைத்துக்கொண்டவர் வங்கியாளர் ஜே.பி. மார்கன். கார்னகி ஸ்டீலை அவர் வாங்கி யு.எஸ். ஸ்டீல் ஆக்கியது 1901. அந்த ஆண்டு ஆறாம் பகுதிக்கு வெளியே போய்விடுகிறது. 1800–1898 கட்டுரையில் அதை ஆதாரமாகக் காட்டாதீர்கள்.

விவசாயியின் கணக்கு

வெள்ளி நாணயம், தங்க நாணயம் என்று வரும் பகுதியைப் பலர் தாண்டிப் போகிறார்கள். ஒரே ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் பயம் போய்விடும். 1870-களின் தொடக்கத்தில் ஒரு புஷல் (அமெரிக்கத் தானிய அளவு) கோதுமை ஒரு டாலருக்கு மேல் விற்றது. 1894 வாக்கில் அரை டாலர் அளவுக்கு விழுந்துவிட்டது. கோதுமை ஒரு டாலராக இருந்தபோது 1,000 டாலர் கடன் வாங்கியவர் 1,000 புஷல் விற்றால் அசலைக் கட்டிவிடலாம். விலை அரை டாலரானதும் அதே அசலுக்கு 2,000 புஷல் விற்க வேண்டும். கடன் தொகை ஒரு காசு கூடவில்லை. உழைப்பு இரண்டு மடங்காகிவிட்டது. இது பணவாட்டம். கடன் வாங்கியவரை அரித்து, கொடுத்தவரைக் கொழுக்க வைக்கும்.

விலை ஏன் விழுந்தது? இயந்திரமும் புதிய நிலமும் விளைச்சலைப் பெருக்கின. பணம் தங்கத்தோடு கட்டப்பட்டிருந்ததால் சரக்கு வளர்ந்த வேகத்துக்குப் பணம் வளரவில்லை. ஆகவே வெள்ளியையும் வரம்பில்லாமல் நாணயமாக அடிக்கச் சொன்னார்கள் விவசாயிகள், 16 அவுன்ஸ் வெள்ளிக்கு ஒரு அவுன்ஸ் தங்கம் என்ற விகிதத்தில். 1896-இல் சந்தையில் விகிதம் முப்பதுக்கு ஒன்று என்ற அளவுக்குப் போயிருந்தது. கடன் கொடுத்த கிழக்குப் பகுதி வங்கிக்காரர் அலறியதில் ஆச்சரியமில்லை. வெள்ளி வந்தால் அவருக்குத் திரும்பி வரும் டாலர் பாதி டாலர்.

இதே கணக்கைத் தொழிலாளி பக்கம் திருப்புங்கள். அவர் கோதுமை விற்பவரில்லை, ரொட்டி வாங்குபவர். விலை ஏறினால் அவருக்கு நஷ்டம். 1896 அதிபர் தேர்தலில், வெள்ளி நாணயம் கேட்ட ஜனநாயகக் கட்சி வேட்பாளர் பிரையன் மேற்கையும் தெற்கையும் வாரிக்கொண்டு, ஆலை நகரங்கள் நிறைந்த வடகிழக்கை இழந்ததற்கு இது முக்கியக் காரணம். அவரை வென்ற குடியரசுக் கட்சியின் மக்கின்லியின் தேர்தல் நிதி பல மடங்கு பெரிது என்பதும் உண்மை. அதை மட்டும் எழுதினால் பாதி விடைதான். அந்தத் தேர்தலிலும் ரயில் இருக்கிறது: பிரையன் ரயிலேறி ஊர் ஊராகப் பேசினார், மக்கின்லி ஒஹையோவின் கேன்டன் ஊரில் தன் வீட்டுத் திண்ணையை விட்டு நகரவில்லை, ரயில்வே கம்பெனிகள் சலுகைக் கட்டணத்தில் கூட்டத்தை அவர் வாசலுக்கு ஏற்றிவந்தன.

1892 ஜூலையில் ஒமாஹாவில் பாப்புலிஸ்டுகள் முன்வைத்த கோரிக்கைகளில் நாலையாவது மனத்தில் வையுங்கள்: ரயில்வேயை அரசுடைமையாக்குவது, வருமானத்துக்கு ஏற்ப ஏறும் வரி, வெள்ளி நாணயம், செனட்டரை மக்களே தேர்ந்தெடுப்பது. வருமான வரியும் நேரடி செனட் தேர்தலும் 1913-இல் 16, 17-ஆம் திருத்தங்களாக வந்துவிட்டன. ‘பாப்புலிஸ்டுகள் தோற்றார்களா?’ என்ற கேள்விக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

நான்கு வேலைநிறுத்தங்கள், நான்கு துப்பாக்கிகள்

வேலைநிறுத்தங்களை ஊர், ஆண்டு என்று மட்டும் படித்தால் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒவ்வொன்றிலும் ‘யார் துப்பாக்கியோடு வந்தார்கள்’ என்று கேளுங்கள். கலக்காது.

1877-இல் மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் கூலிக் குறைப்பை எதிர்த்து ரயில்வே தொழிலாளர் தொடங்கியது பல மாநிலங்களுக்குப் பரவியது. மாநிலப் படைகள் வந்தன, பிறகு அதிபர் ஹேஸ் மத்தியப் படையை அனுப்பினார். இங்கே ஒரு கணம் நில்லுங்கள். அதே 1877 ஏப்ரலில் தெற்கு மாநிலங்களின் தலைமைச் செயலக வாசல்களில் நின்ற மத்தியப் படையை விலக்கியவரும் இதே ஹேஸ்தான். கறுப்பின வாக்காளருக்குக் காவலாக இருந்த படைக்கு ஏப்ரலில் வேலை முடிந்தது, ஜூலையில் தொழிலாளருக்கு எதிராக வேலை வந்தது. போருக்குப் பின் தெற்கில் நடந்த மறுசீரமைப்பின் முடிவையும் தொழில்மயத்தையும் ஒரே மூச்சில் இணைக்கும் இந்த வாக்கியத்தைச் சரியாக எழுதினால், டி.பி.க்யூ.வில் எளிதில் கிடைக்காத அந்தக் கடைசி மதிப்பெண்ணுக்கு வழி திறக்கும்.

1886 மே 4, சிகாகோ ஹேமார்க்கெட். எட்டு மணி நேர வேலை கேட்ட இயக்கத்தின் கூட்டம். வந்தது நகரப் போலீஸ். வெடித்தது யாரோ வீசிய குண்டு. எட்டுப் பேருக்குத் தண்டனை, நால்வருக்குத் தூக்கு. குண்டுக்குச் சம்பந்தமில்லாத நைட்ஸ் ஆஃப் லேபர் என்ற தொழிலாளர் அமைப்பு பழி சுமந்து தேய்ந்தது. அதே ஆண்டு காம்ப்பர்ஸ் தலைமையில் கைத்தொழில் தெரிந்தவர்களின் தொழிற்சங்கக் கூட்டமைப்பான ஏ.எஃப்.எல். எழுந்தது. சென்னையில் சிங்காரவேலர் 1923-இல் கொண்டாடிய மே தினத்தின் வேர் இந்தச் சிகாகோ போராட்டத்தில்தான் இருக்கிறது, ஆகவே இந்த ஆண்டை மறப்பது நமக்குக் கொஞ்சம் கடினம்.

1892 ஹோம்ஸ்டெட்: கார்னகியின் உருக்காலை. அவர் ஸ்காட்லாந்தில் இருந்தார், ஆலையை நடத்தியவர் ஃப்ரிக். வந்தது தனியார் படை, பிங்கர்ட்டன் ஆட்கள் சுமார் 300 பேர், படகுகளில். அவர்கள் தோற்றபின் பென்சில்வேனியா மாநிலப் படை வந்தது. மத்தியப் படை வரவில்லை. பலர் இதைத் தவறாக எழுதுகிறார்கள்.

1894 புல்மன்: ரயில் பெட்டி செய்யும் கம்பெனி. கூலி குறைந்தது, கம்பெனி வீட்டு வாடகை குறையவில்லை. டெப்ஸின் ரயில்வே சங்கம் புல்மன் பெட்டி கோத்த ரயில்களைத் தொட மறுத்தது. இல்லினாய் ஆளுநர் ஆல்ட்கெல்ட் எதிர்த்தும் கிளீவ்லாந்து மத்தியப் படையை அனுப்பினார். அஞ்சல் தடைபடுகிறது என்பது சொல்லப்பட்ட காரணம். அதற்கும் முன்னால் வந்த ஆயுதம் நீதிமன்றத் தடையாணை.

அந்தத் தடையாணைதான் இந்தக் காலத்தின் நெஞ்சு. 1890-இல் வந்த ஷெர்மன் டிரஸ்ட் ஒழிப்புச் சட்டம், வாணிபத்தைத் தடுக்கும் கூட்டுச் சதிகளைத் தண்டிக்கிறது. 1895-இல் சர்க்கரைச் சுத்திகரிப்பில் ஏறக்குறைய முழுவதையும் கையில் வைத்திருந்த கம்பெனி மீது அரசு வழக்குத் தொடுத்தது. ‘உற்பத்தி வேறு, வாணிபம் வேறு’ என்று உச்ச நீதிமன்றம் கம்பெனியை விட்டுவிட்டது. அது ஈ.சி. நைட் வழக்கு. அதே ஆண்டு அதே நீதிமன்றம் டெப்ஸ் மீதான தடையாணை செல்லும் என்றது. கவனம்: கீழ் நீதிமன்றம் ஷெர்மன் சட்டத்தைக் காட்டியது, உச்ச நீதிமன்றம் அஞ்சலையும் மாநிலங்களுக்கிடையிலான வாணிபத்தையும் காக்கும் அரசின் பொது அதிகாரத்தைக் காட்டியது. ‘சர்க்கரை டிரஸ்டுக்குக் கதவு திறந்தது, ரயில்வே தொழிலாளிக்குச் சிறைக்கதவு’ என்று அடுக்கி எழுதலாம். ஆனால் இரண்டு தீர்ப்பும் ஒரே சட்டத்தின் மேல் நின்றதாக எழுதிவிடாதீர்கள்.

சட்டத்தையும் தீர்ப்பையும் இப்படி இணைகளாகவே படியுங்கள். மன் வழக்கில் (1877) தானியக் கிடங்குக் கட்டணத்தை மாநிலம் ஒழுங்குபடுத்தலாம் என்றார்கள்; வபாஷ் வழக்கில் (1886) மாநிலம் தாண்டும் ரயில் கட்டணத்தில் மாநிலம் கைவைக்கக் கூடாது என்றார்கள். அந்தக் காலியிடத்தை நிரப்ப 1887-இல் மாநிலங்களுக்கிடையிலான வாணிபச் சட்டமும் அதன்கீழ் ஒரு ஆணையமும் வந்தன. 1897-இல் அந்த ஆணையத்துக்குக் கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரம் இல்லை என்று நீதிமன்றம் பல்லைப் பிடுங்கியது. பல் திரும்ப முளைத்தது 1906-இல்.

கட்சியும் நகரமும்

அரசியல் பகுதிக்கு அதிக நேரம் தேவையில்லை. தகுதியுள்ள வாக்காளரில் ஐந்தில் நால்வர் அளவுக்கு வாக்களித்த காலம். இரண்டு கட்சிகளும் சரிக்குச் சரி. 1880-இல் நாடு முழுக்க வாக்கு வித்தியாசம் பத்தாயிரத்துக்கும் குறைவு. இவ்வளவு நெருக்கத்தில் எந்தக் கட்சியும் துணிந்து எதையும் செய்யாது. காப்புவரியைப் பற்றிப் பேசிப் பொழுதைக் கழிக்கும். வேலை கேட்டு ஏமாந்த கீட்டோ 1881-இல் கார்ஃபீல்டைச் சுட்டான், அதுவும் வாஷிங்டன் ரயில் நிலையத்தில். 1883-இல் பெண்டில்டன் சட்டம் தேர்வு வைத்து அரசு வேலை கொடுக்கத் தொடங்கியது, ஆரம்பத்தில் மத்திய அரசு வேலைகளில் சுமார் பத்தில் ஒரு பங்குக்கு மட்டும். இதில் ஒரு பக்கவிளைவு உண்டு: அரசு ஊழியர் சம்பளத்தில் கட்சிக்குப் பங்கு வாங்கும் வழி அடைபடவே, கட்சிகள் பெருநிறுவனங்களின் வாசலுக்குப் போயின. சீர்திருத்தம் எதிர்பாராத இடத்தில் கதவைத் திறந்தது என்ற வாதத்துக்கு இது பொருந்தும்.

நியூயார்க்கின் டம்மனி ஹால் போன்ற நகரக் கட்சி இயந்திரங்களை வெறும் ஊழல் என்று முடித்துவிடாதீர்கள். அரசு உதவித்தொகை என்ற ஒன்றே இல்லாத நகரத்தில் கப்பலை விட்டு இறங்கியவருக்கு நிலக்கரியும் வேலையும் கொடுத்தவர் வட்டாரக் கட்சிக்காரர்தான். அவர் கேட்ட விலை ஒரு வாக்கு. 1889-இல் சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் தொடங்கிய ஹல் ஹவுஸ் என்ற சமூகநல இல்லம் அதே தேவையை வாக்கு கேட்காமல் தீர்க்கப் பார்த்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுதினால் ஒப்பீட்டுக் கேள்விக்கு விடை தயார்.

வெளியே தள்ளப்பட்டவர்கள்

இவர்களைக் கட்டுரையின் கடைசியில் ஒரு பத்தியில் ஒதுக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. நூலை விடாமல் பிடித்தால் அப்படி ஒதுக்க வேண்டியதில்லை. சென்ட்ரல் பசிபிக் பாதையில் மலையைக் குடைந்தவர்கள் சீனத் தொழிலாளர்கள். பாதை முடிந்து பதின்மூன்றே ஆண்டுகளில், 1882-இல், சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வரத் தடைச் சட்டம். சமவெளிகளில் ரயில் போன இடமெல்லாம் காட்டெருமை அழிந்தது, அதை நம்பி வாழ்ந்த பழங்குடிகள் ஒதுக்கிட நிலத்துக்குள் தள்ளப்பட்டார்கள். 1887 டாஸ் சட்டம் அந்த நிலத்தையும் குடும்பத் தலைவருக்கு 160 ஏக்கர் என்று துண்டாக்கி, ‘மிச்சத்தை’ வெளியாருக்கு விற்றது. 1887-இல் 13.8 கோடி ஏக்கராக இருந்த பழங்குடி நிலம் 1934-இல் 4.8 கோடி.

கறுப்பினப் பெண்ணான ஐடா பி. வெல்ஸை டென்னசியில் ரயிலின் பெண்கள் பெட்டியிலிருந்து இழுத்து வெளியேற்றியது 1884. வழக்குப் போட்டு வென்றார், மாநில உச்ச நீதிமன்றம் 1887-இல் தீர்ப்பைத் தலைகீழாக்கியது. ஹோமர் பிளெஸ்ஸி லூசியானாவில் வெள்ளையர் பெட்டியில் ஏறி அமர்ந்தது 1892; ‘தனித்தனி, ஆனால் சமம்’ என்று தீர்ப்பு வந்தது 1896, எதிர்த்தவர் நீதிபதி ஹார்லன் ஒருவர் மட்டும். தெற்கின் விவசாயத்துக்கு நமக்குச் சொல் தேட வேண்டியதில்லை. வாரத்துக்கு உழுவதும், கடைக்காரரிடம் பற்று வைத்து விதையும் மாவும் வாங்கி, அறுவடை முழுவதையும் பற்றுக்கே கொடுத்துவிட்டு மறுபடி பற்று வைப்பதும் நம் ஊரிலும் இருந்ததுதான்.

பெயர்ப் பொறிகள்

ஷெர்மன் என்று இரண்டு சட்டங்கள், இரண்டும் 1890: ஒன்று டிரஸ்ட் ஒழிப்பு, மற்றது அரசு வெள்ளி வாங்குவது. இரண்டுக்கும் பெயர் கொடுத்தவர் செனட்டர் ஜான் ஷெர்மன். ஜார்ஜியாவை எரித்த தளபதி ஷெர்மன் அவருடைய அண்ணன். ஹோம்ஸ்டெட் சட்டம் 1862, 160 ஏக்கர் நிலம். ஹோம்ஸ்டெட் வேலைநிறுத்தம் 1892, அது ஊர்ப்பெயர். ‘கில்டட் ஏஜ்’ என்ற இந்தக் காலத்தின் பெயரையும் பொற்காலம் என்று எழுதிவிடாதீர்கள். மார்க் ட்வைனும் சார்லஸ் டட்லி வார்னரும் 1873-இல் எழுதிய நாவலின் தலைப்பிலிருந்து வந்தது அது. பொருள் தங்க முலாம். மேலே மின்னும், சுரண்டினால் உள்ளே வேறு உலோகம்.

1893-ஐ நினைவில் நிறுத்த நமக்கு ஒரு சுலபமான கொக்கி இருக்கிறது. ராமநாதபுரம் சேதுபதியும் சென்னை அன்பர்களும் ஊக்கி அனுப்பிய விவேகானந்தர் செப்டம்பர் 11 அன்று சிகாகோவில் பேசினார். அது உலகக் கண்காட்சியை ஒட்டி நடந்த மாநாடு. அதே கண்காட்சிக் காலத்தில், அதே ஊரில், ஜூலையில் வரலாற்றாசிரியர் டர்னர் எல்லைப்புற நிலம் முடிந்துவிட்டது என்ற தன் கட்டுரையை வாசித்தார். அதே ஆண்டு பொருளாதாரச் சரிவு. அடுத்த ஆண்டு அதே சிகாகோவின் விளிம்பில் புல்மன்.

டி.பி.க்யூ. எழுதும் அறுபது நிமிடம்

முதல் 15 நிமிடம் வாசிப்பு. ஏழு ஆவணங்களையும் ஒரே சீராக வாசிக்காதீர்கள். யார், எப்போது, யாருக்கு என்பதை முதலில் பாருங்கள். பிறகு கேள்விக்கு ‘ஆம்’ பக்கமா ‘இல்லை’ பக்கமா என்று தாளில் ஒரு குறி. இரண்டு பக்கமும் மூன்று மூன்றாவது விழுந்தால் கட்டுரை பாதி முடிந்தது.

மொத்தம் 7 மதிப்பெண். வாதத்துக்கு 1, காலப் பின்னணிக்கு 1, நான்கு ஆவணங்களை வாதத்துக்குப் பயன்படுத்தினால் 2, ஆவணத்தில் இல்லாத சொந்தச் சான்றுக்கு 1, இரண்டு ஆவணங்களில் எழுதியவரின் நோக்கம் அல்லது சூழலை விளக்கினால் 1, சிக்கலான புரிதலுக்கு 1. நான்கு போதும் என்றாலும் ஆறைப் பயன்படுத்துங்கள். ஒன்றிரண்டைத் தவறாகப் புரிந்துகொண்டாலும் நான்கு மிஞ்சும்.

‘தொழில்மயம் அமெரிக்காவைப் பலவிதத்தில் மாற்றியது’ என்று தொடங்கினால் வாதத்துக்குச் சுழியம். இப்படித் தொடங்கிப் பாருங்கள், தேர்வில் ஆங்கிலத்தில்தான்: ‘விவசாயிகளின் நெருக்குதலால் மத்திய அரசு 1887-இலும் 1890-இலும் பெருநிறுவனங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியபோதிலும், நீதிமன்றங்கள் அச்சட்டங்களை நலிவடையச் செய்து, அரசின் பலத்தைத் தொழிலாளருக்கு எதிராகத் திருப்பியதால், 1898 வரை கட்டுப்பாடு பெரும்பாலும் தாளில்தான் இருந்தது.’ ‘போதிலும்’ எதிர்த்தரப்பைக் கொண்டுவருகிறது, ‘ஆல்’ காரணத்தைக் கொண்டுவருகிறது. இரண்டும் இருந்தால் வாதம் நிற்கும்.

காலப் பின்னணி என்றால் கேள்விக்கு முந்தைய காலத்தைப் பற்றி மூன்று நான்கு வாக்கியம். ஒரே வாக்கியத்தில் ‘உள்நாட்டுப் போருக்குப் பின்’ என்று தொட்டுவிட்டு ஓடினால் கிடைக்காது.

கேலிச்சித்திரம் வருவது ஏறக்குறைய நிச்சயம். 1889-இல் பக் இதழில் ஜோசப் கெப்ளர் வரைந்ததை எடுத்துக்கொள்வோம்: செனட் அவையில் குட்டி குட்டியாக உறுப்பினர்கள், பின்னால் பணமூட்டை வயிற்றோடு டிரஸ்டுகள், மக்கள் நுழையும் கதவு பூட்டியிருக்கிறது. படத்தில் இருப்பதை வர்ணித்தால் மட்டும் ஆவணம் பயன்பட்டதாகக் கணக்கில்லை. ‘அன்று செனட்டரை மாநிலச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுத்தன, சில உறுப்பினர்களை வசப்படுத்தினால் ஒரு செனட்டர் கிடைப்பார், அதனால்தான் கெப்ளர் கதவைப் பூட்டி வரைகிறார், அடுத்த ஆண்டே டிரஸ்ட் ஒழிப்புச் சட்டம் வரும் அளவுக்கு இந்தக் கோபம் பரவியிருந்தது’ என்று எழுதினால் சூழல் விளக்கமும் சேர்ந்துவிடும். கார்னகியின் எழுத்து வந்தால் ‘அவர் பணக்காரர், ஆகவே ஒருதலைப்பட்சம்’ என்று மட்டும் எழுதாதீர்கள். செல்வம் சமூகத்துக்குத் திரும்ப வேண்டும் என்று அவர் 1889-இல் எழுதினார். மூன்று ஆண்டில் ஹோம்ஸ்டெட். கூலியாகக் கொடுக்காததை நூலகமாகக் கொடுப்பதை நியாயப்படுத்தவே அந்தப் பேச்சு தேவைப்பட்டது என்று எழுதினால் அது நோக்கம்.

சொந்தச் சான்று ஒன்று போதும், ஆனால் பெயரை மட்டும் தூவாமல் இரண்டு வாக்கியமாவது விளக்குங்கள். ஆவணங்களில் ரயில்வே கட்டணம் வந்திருந்தால் வபாஷ் வழக்கு, தொழிலாளர் வந்திருந்தால் புல்மன் தடையாணை, இரண்டும் ஏற்கெனவே இருந்தால் ஈ.சி. நைட்.

குறுவினாவில் முன்னுரை எழுதி நேரத்தை விரயம் செய்யாதீர்கள். அ, ஆ, இ மூன்றுக்கும் ஒவ்வொரு மதிப்பெண்; ஒவ்வொன்றுக்கும் மூன்று வாக்கியம்: நேரடி விடை, ஒரு குறிப்பான சான்று, அது எப்படி விடையை நிரூபிக்கிறது. மூன்றாவது வாக்கியத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

கட்டுரைக்கான 100 நிமிடமும் பொதுவானது என்பதால் டி.பி.க்யூ. எழுபது நிமிடத்தைத் தின்றுவிடும் ஆபத்து உண்டு. அறுபதாவது நிமிடத்தில் எந்த வாக்கியத்தில் இருந்தாலும் முடித்துவிட்டு எல்.இ.க்யூ.வுக்குப் போங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம். இரண்டு கட்டுரையின் கடைசிப் பத்தியையும் முதல் பத்தியின் வாதத்தையும் அடுத்தடுத்து வாசியுங்கள். எழுத எழுத வாதம் நகர்ந்திருக்கும். முதல் பத்தியைக் கடைசிப் பத்திக்கு ஏற்றபடி திருத்தி எழுதிவிட்டுச் சமர்ப்பியுங்கள்.